கூட்டு சோலார்: டுண்டியைப் பார்த்து இறங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

விவசாயிகள் ஒன்றுசேர்ந்து சோலார் மின்சாரம் விற்கலாம் என்று பேச்செடுத்தாலே குஜராத்தின் டுண்டி கிராமத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 2016-இல் அங்கே ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, சோலார் பம்புசெட்டில் பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை அரசு மின் விநியோக நிறுவனத்துக்கு விற்றார்கள். நல்ல முயற்சி. ஆனால் அரைகுறையாகக் கேட்டுவிட்டு இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம்.

பெரிய தவறு விலையில்தான் நடக்கிறது. யூனிட்டுக்கு ரூ.7.13 கிடைத்தது என்பார்கள். மின் நிறுவனம் கொடுத்தது ரூ.4.63. மீதி ரூ.2.50, திட்டத்துக்குப் பின்னால் நின்ற சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் தந்த ஊக்கத்தொகை. அதில் பாதி, நிலத்தடி நீரை இறைக்காமல் விட்டதற்காக. பத்து கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 40 யூனிட் தரும். அத்தனையும் விற்றாலும் முதல் விலைக்கு 285 ரூபாய், இரண்டாவதற்கு 185. கடன் தவணையைச் சின்னத் தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். பேனல் செலவிலும் பெரும்பங்கு உதவித்தொகைதான். முதல் உறுப்பினர்கள் போட்ட கைக்காசு கிலோவாட்டுக்கு ரூ.5,000. அந்தச் சலுகை எல்லோருக்கும் வராது.

அடுத்தது, அவர்கள் விட்டுக்கொடுத்ததை மறப்பது. மானிய மின் இணைப்பே கேட்பதில்லை என்று 25 ஆண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். அதுவரை டீசல் இன்ஜினில் இறைத்தவர்கள் என்பதால் அது அவர்களுக்கு லாபம். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கும் தமிழ்நாட்டில் மிச்சம் பிடிக்க டீசல் செலவே கிடையாது. இங்கே கணக்கு வேறு.

பங்கு பிரிப்பதில் ‘நமக்குள்ள என்ன’ என்று தலைக்குச் சமமாகப் பிரித்தால் சண்டை நிச்சயம். தன் வயலுக்கு நாளெல்லாம் மோட்டார் ஓட்டுபவரும், ஓட்டாமல் மின்சாரத்தை விற்க விடுபவரும் ஒன்றல்ல. ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர் வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகையும், சங்கம் மொத்தமாக விற்பதை அளக்கும் பொது மீட்டரின் அளவும் ஒத்துப்போகாது, கம்பியிலேயே கொஞ்சம் இழப்பு உண்டு. அந்த இழப்பை யார் தலையில், எந்த விகிதத்தில் கட்டுவது என்பதைப் பேனல் வருமுன்பே சங்க விதியில் எழுதிவிடுங்கள்.

தூசு துடைப்பது யார் முறை என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.