சம்பளம் நல்லது, 10ஆம் திகதிக்குப் பிறகு கை வெறுமை: வீட்டுக் கணக்கைப் பிடிக்கும் வழி

போன வருடம் ஆவணியில் ஒரு பின்னேரம், கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பலசரக்குக் கடையில் நின்றேன். மா, சீனி, பருப்பு, ஒரு பால்மா பைக்கற். கடைக்கார அண்ணை சாமானைப் பையில் போட்டுவிட்டு லாச்சிக்குள் இருந்து சி.ஆர். கொப்பியை எடுத்தார். என் பெயருக்கு ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு இன்னொன்றை. பிறகு மூன்றாவதை. கடைசி வரியில் பேனையை வைத்து, "சேர், போன மாசத்தையும் சேர்த்து 47,600. அவசரமில்லை, பாத்துத் தாங்கோ" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா கூலி வேலைக்குப் போகிறவர். தான் வாங்கியதற்குக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

நான் ஒரு அலுவலகத்தில் வேலை. மனைவி ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 143,000 ரூபாய். குடியும் இல்லை, சூதும் இல்லை. ஆனால் 25ஆம் திகதி விழுகிற சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதியைக் காண்பதில்லை. அதன் பிறகு கடைக் கொப்பி, கைமாற்று, அதுவும் சரிவராவிட்டால் ஒரு சோடி காப்பு அடைவுக்கு (அடகுக்கு)ப் போகும்.

அன்றிரவு தொடங்கிய கணக்கைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சம்பளம் ஓரளவு நன்றாக வந்தும் மிஞ்சாதவர்களுக்கானது இது. நாட்கூலிக்கும் நுண்கடன் கிழமைத் தவணைக்கும் நடுவில் நிற்கிறவரிடம் போய்க் கொப்பி எழுதச் சொல்வது அநியாயம். அவருடைய பிரச்சினை வேறு.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சி.ஆர். கொப்பி. கடைசி மூன்று மாத வங்கிப் பதிவு. சம்பளப் பட்டியல். போன வருடத்துக் கலண்டர் (எறிந்திருக்க மாட்டீர்கள், எங்கள் வீடுகளில் சாமிப் படத்துக்காகவே அது சுவரில் தொங்கும்). அடைவு ரசீதுகள் எல்லாம். கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இருவரும் என்பது முக்கியம். நான் முதலில் தனியே எழுதிப் பார்த்தேன், பாதிச் செலவு எனக்குத் தெரியவே இல்லை.

முதலாம் படி: கைக்கு வருவது எவ்வளவு

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கழிவுகளுக்கு முந்திய தொகையைச் சொல்வது எங்கள் பழக்கம். செலவும் அந்தத் தொகைக்குத் தக்கபடிதான் நடக்கும். அரச வேலை என்றால் இடர் கடன், பண்டிகை முற்பணம், சங்கச் சந்தா எல்லாம் போன பிறகு வங்கிக்கு வருவதை எழுதுங்கள். தனியார் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழிந்த பிறகு. முதலாளி போடும் 12 வீதம் உங்களுடையதுதான், ஆனால் அதில் இப்போது மரக்கறி வாங்க முடியாது.

லண்டன் அண்ணா அனுப்புகிற காசை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வந்தால் கடனுக்கு.

இரண்டாம் படி: மூன்று மாதம் பின்னால் போங்கள்

வங்கிப் பதிவை வரி வரியாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதற்குப் போனது என்று எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் குறைக்க வேண்டாம், யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம். 'ஏ.டி.எம். 10,000' என்ற வரிகள்தான் தொல்லை. எனக்கு மூன்று மாதத்தில் அப்படி 14 வரி இருந்தது. ஆறுக்குத்தான் விடை சொல்ல முடிந்தது. மற்ற எட்டுக்கும் 'தெரியாது' என்றே எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. கரண்ட் பில்லில் மாத அலகு 60ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வீட்டுப் பாவனைக்கு 60க்கு உள்ளே ஒரு கட்டண வகை, 60ஐத் தாண்டினால் வேறு வகை. தாண்டிய அலகுக்கு மட்டும் அல்ல, முதல் அலகிலிருந்தே வீதம் கூடும். 62, 64 என்று நிற்கிற வீடுகள் நிறைய. கிணற்று மோட்டரைத் தேவைக்கு மட்டும் போட்டாலே சில வீடுகள் உள்ளே வந்துவிடும்.

மூன்றாம் படி: வருடக் கலண்டரை விரியுங்கள்

தேத்தண்ணி, றோல்ஸ், போன் ரீலோட் என்று சின்னச் செலவுகளில்தான் காசு போகிறது என நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்ததில் அவை ஒரு பொருட்டே அல்ல. எங்களைக் கவிழ்த்தவை வருடத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ வருகிற பெரிய செலவுகள். சம்பளம் மாதக் கணக்கில் வருகிறது. எங்கள் வாழ்க்கையோ பருவக் கணக்கில் நடக்கிறது. தைப்பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, ஐப்பசியில் விதைப்பு, தீபாவளி. ஒவ்வொரு முறையும் 'இந்த மாதம் மட்டும் கொஞ்சம் இறுக்கம்' என்று சொல்லியே பன்னிரண்டு மாதமும் இறுக்கமாகப் போனது.

இதை நான் சொன்னபோது மனைவி கேட்டாள்: "என்னப்பா, வருசா வருசம் வாற தீபாவளி உங்களுக்கு மட்டும் திடீரெண்டு வருதோ?"

கலண்டரை மாதம் மாதமாகப் புரட்டி, வருடத்தில் வந்த பெரிய செலவுகளை மட்டும் எழுதுங்கள். எங்கள் கணக்கு இது:

கலியாணம், சாமத்திய வீடு, குடிபூரல், பிறந்தநாள்: 23 வீடு, சராசரி 5,000 என்று 115,000. தீபாவளி, பொங்கல், புதுவருட உடுப்பு 55,000. இரண்டு மோட்டார் சைக்கிளுக்கும் வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி, டயர், சேர்விஸ் 46,000. யாழ்ப்பாணம் போய்த் தனியாரில் வைத்தியம் காட்டியது 41,000. கூரை, மதில், மோட்டர் திருத்தம் 35,000. பிள்ளைகளின் சப்பாத்து, புத்தகப் பை, கொப்பி 34,000. வற்றாப்பளைப் பொங்கலும் ஊர்க்கோயில் உபயமும் 28,000.

மொத்தம் 354,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 29,500.

அப்படியென்றால் எங்கள் வருமானம் 143,000 இல்லை. 113,500. இத்தனை வருடமும் இல்லாத 29,500ஐ மாதா மாதம் செலவழித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்த ஓட்டைதான் கடைக் கொப்பியிலும் அடைவு ரசீதிலும் தெரிந்தது.

முதல் வரியில் இருக்கும் 115,000ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டணத்து ஆட்கள் எழுதும் ஆலோசனைகளில் 'விழாக்களைத் தவிருங்கள்' என்று இருக்கும். இங்கே அது நடக்காது. மகளின் சாமத்திய வீட்டில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதிய கொப்பி எங்கள் அலுமாரியில் இருக்கிறது, 200க்கு மேற்பட்ட பெயர். மனைவி எந்தக் கொண்டாட்டத்துக்குப் போக முன்னும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாள். அவர்கள் 5,000 போட்டிருந்தால் நாங்கள் 3,000 போட ஏலாது. சரியாகப் பார்த்தால் அது ஒரு கடன் பதிவேடு. நாங்கள் 200 பேரிடம் வட்டியில்லாக் கடன் வாங்கி, அந்தக் காசை மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கொடுத்துவிட்டோம். இப்போது வருடத்துக்கு 23 பேராகத் திருப்பிக் கட்டுகிறோம். ஆகவே குறைக்கிற இடம் கவரில் இல்லை. எங்கள் வீட்டில் அடுத்த கொண்டாட்டத்தை எவ்வளவு பெரிதாகச் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. மகனின் பிறந்தநாளுக்கு இந்த முறை மண்டபம் எடுக்கவில்லை, வீட்டில் கேக் வெட்டினோம். மாமிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

கூட வேலை செய்கிறவர்களின் வீடு என்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பொருள் வாங்கிக் கொடுப்பது நல்ல வழக்கம். செத்த வீட்டுக்குப் போவதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: அந்தக் காசுக்கு வேறு வீடு

உங்கள் வருடத் தொகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு சம்பளக் கணக்கில் கிடக்கக் கூடாது. கிடந்தால் போய்விடும். இன்னொரு சேமிப்புக் கணக்கு திறவுங்கள், ஏ.டி.எம். அட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். புத்தகத்தோடு போய் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்றிருப்பது நல்லது. அஞ்சல் அலுவலகத்தில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கும் தொடங்கலாம். வங்கிக் கிளை தூரமாக இருக்கிறவர்களுக்கு அது வசதி. சம்பளம் 25ஆம் திகதி என்றால், 26ஆம் திகதி தானாக மாறும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் எனக்கு ஒரு மாதமும் மிஞ்சியது இல்லை.

முதல் மாதமே முழுத் தொகையும் முடியாது. நாங்கள் 8,000த்தில் தொடங்கினோம். ஐந்தாவது மாதம் 20,000. இன்னும் 29,500ஐத் தொடவில்லை.

சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு: நம்பிக்கையான தாச்சி (சீட்டை நடத்துகிறவர்) என்றால் சீட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஏலச்சீட்டைத் தொடக்கத்திலேயே கழிவு போட்டு எடுத்தால் அது சேமிப்பு இல்லை, கடன்.

ஐந்தாம் படி: கடன்களை வரிசையாக வையுங்கள்

அடைவு ரசீதுகளை ஒரு பிஸ்கற் டின்னுக்குள் வைத்திருந்தோம். அன்றிரவு மேசையில் பரப்பியபோது ஐந்து இருந்தது. ஒன்றின் மை மங்கி, திகதியை வெளிச்சத்துக்குப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. அந்த ரசீதுக்குரிய சங்கிலியை மூன்று முறை வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 200,000 ரூபாய்க்கு மாதம் 1.5 வீதம் என்று வைப்போம், உங்கள் ரசீதில் உள்ள வீதத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 3,000. வருடம் 36,000. வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்தால், வருடக் கடைசியில் நகையும் அங்கே, 200,000மும் அங்கே.

ஒவ்வொரு கடனுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மிச்சம் எவ்வளவு, வட்டி வீதம் என்ன, தவறினால் என்ன நடக்கும். வட்டி கூடியதை முதலில் அடையுங்கள் என்பதுதான் பொதுவான பேச்சு, சரியானதும் அதுதான். நான் ஒரு விதிவிலக்கு வைத்தேன். கடைக் கொப்பிக்கு வட்டியே இல்லை, ஆனாலும் அதைத்தான் முதலில் தீர்த்தேன். கொப்பி இருக்கும்வரை விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்குப் போகவும் மனம் வராது. காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய முதல் மாதமே சாமான் செலவு ஏறத்தாழ 6,000 குறைந்தது. அப்புறம் சின்ன அடைவு ஒன்று, பிறகு அடுத்தது. அடைவில் பகுதி பகுதியாக முதல் தொகையைக் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். மோட்டார் சைக்கிள் லீசிங்கை ஒரேயடியாக முடிக்க நினைத்தால், இன்றைய திகதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தவணையைத் தவறவிட வேண்டாம், வண்டி போய்விடும்.

நகையை ஏன் இவ்வளவு லேசாகக் கொண்டுபோய் வைக்கிறோம் என்று யோசித்திருக்கிறேன். 2009இல் அம்மா முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது வீடும் இல்லை, மாடும் இல்லை. உடம்போடு வந்த நகைதான் இருந்தது. மெனிக் பாம் அகதி முகாமில் பால்மா வாங்கியதும் ஒரு மோதிரத்தை விற்ற காசில்தான். எங்களுக்கு வங்கி என்றால் கழுத்திலும் கையிலும் கிடப்பது. 'சேர்த்து வைத்து என்ன கண்டோம்' என்ற பேச்சும் அந்தக் காலத்தில் இருந்தே வருகிறது. அதைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பிறந்தநாள் கேக்குக்கு அந்தக் காப்பை வைக்கிறபோது அம்மா எதுவும் பேசுவதில்லை, எழும்பி உள்ளே போய்விடுகிறார்.

ஆறாம் படி: மிச்சக் காசைக் கிழமையாகப் பிரியுங்கள்

இது சுலபம். பில்லும் தவணையும் கட்டிய பிறகு மிஞ்சுவதை ஐந்து கிழமையாகப் பிரித்து ஐந்து கவரில் போடுங்கள். நான்காகப் பிரித்தால் கடைசி இரண்டு மூன்று நாள் வெளியே நிற்கும், அந்த நாட்களில்தான் கைமாற்றுக் கேட்கப் போவோம். சந்தை, மீன், பெற்றோல், பிள்ளைகளின் கைச்செலவு எல்லாம் அந்தக் கவருக்குள். வியாழக்கிழமையே கவர் வெறுமையானால் வெள்ளிக்கிழமை முருங்கையிலைச் சுண்டல், எப்படியும் விரதம்தானே.

ஏழாம் படி: வயல் காசை வேறாக வையுங்கள்

வயல் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. சம்பளக்காரர் வீட்டு வயல் ஒரு பொல்லாத சாமான். ஐப்பசியில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் சம்பளத்தை விழுங்கும். மாசி, பங்குனியில் நெல் விற்ற காசு ஒரேயடியாக வரும்போது அது இலாபம் மாதிரித் தெரியும். அந்தக் காசில்தான் நாங்கள் பெரிய ரி.வி. வாங்கினோம். அடுத்த ஐப்பசியில் உழவுக்குக் காப்பு போனது.

இப்போது நெல் விற்ற அன்றே, போன போகத்தில் வயலுக்குப் போட்ட முழுத் தொகையையும் எடுத்து, அட்டை இல்லாத அந்தக் கணக்கில் போட்டுவிடுகிறோம். மிஞ்சியதுதான் எங்களுடையது, அதில் பாதி அடைவுக்கு. சிறுபோகத்துக்கு மட்டும் முன்கூட்டியே எதுவும் எழுதுவதில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்த முறை எத்தனை ஏக்கருக்கு என்று விவசாயிகள் கூட்டத்தில் சொல்லட்டும், எங்கள் பங்கு தெரிந்த பிறகு உழவுக் கூலியை எழுதிக்கொள்ளலாம்.