“எப்படிக் கண்டுபிடித்தாய்?”: தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வீட்டிலேயே கணக்குப் பயிற்சி

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினாள். தவறு என்று சொல்லி, அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குகள் எழுதிக் கொடுத்தேன். பத்தையும் அதே தவறோடு செய்து முடித்தாள். அதன் பிறகுதான் “இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்கத் தோன்றியது. “இரண்டிலிருந்து ஏழு போகாதும்மா. அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்தேன்” என்றாள். அவளுக்குக் கழிக்கத் தெரிந்திருந்தது. 52-ல் இருக்கும் 5 என்பது ஐம்பது என்பதுதான் மனத்தில் பதியவில்லை. நான் கொடுத்த பத்துக் கணக்குகளும் தவறான வழிக்கே பயிற்சியாகிவிட்டன.

முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளோடு வீட்டில் கணக்குப் பழகத் தொடங்கும் பெற்றோருக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். குச்சிகள், ரப்பர் வளையங்கள், வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒரு நோட்டு ஆகியவை போதும்.

முதல் படி: கற்பிக்காமல் கவனியுங்கள்

முதல் இரண்டு மூன்று நாள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே ‘நீ தவறிவிட்டாய்’ என்பதற்கான அடையாளமாகிவிடும்.

8 + 5 என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தை ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணும். இன்னொன்று எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று தொடரும். மற்றொன்று ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைக் கூட்டும். மூவருக்கும் விடை 13தான் வரும். ஆனால் அடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மூவருக்கும் வேறு வேறு. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே நோட்டில் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: பத்து நிமிடம்

தினமும் பத்து நிமிடம் போதும். வாரக் கடைசியில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது நன்றாக நிலைக்கும். குழந்தை பசியோடோ தூக்கக் கலக்கத்தோடோ இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கட்டும் உதிரியும்

என் அனுபவத்தில் கணக்கில் தடுமாறும் குழந்தைகளில் பலருக்குச் சிக்கல் இடமதிப்பில்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

பத்துப் பத்துக் குச்சிகளாக எண்ணி ரப்பர் வளையம் போடுங்கள். கட்டும் வேலையைக் குழந்தையே செய்யட்டும். 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. நீங்கள் எண்ணைச் சொல்ல, குழந்தை எடுத்து வைக்கட்டும். பிறகு நீங்கள் எடுத்து வைக்க, குழந்தை எண்ணைச் சொல்லட்டும்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் இதற்குப் பெரிய துணை. பதின்மூன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன. இருபதுக்குள் இரு பத்துகள் இருக்கின்றன. இதைக் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். தொண்ணூறு மட்டும் காதுக்கு ‘நூறு’ போல ஒலிப்பதால் சில குழந்தைகள் தயங்குவார்கள். ஒன்பது கட்டுகளை வைத்து, “இது தொண்ணூறு, இன்னும் ஒரு கட்டு வந்தால்தான் நூறு” என்று காட்டுங்கள். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் குழந்தை, காதில் விழுந்த நூறையும் ஐந்தையும் அப்படியே அடுத்தடுத்து எழுதியிருக்கிறது. அதற்கும் மருந்து இதே குச்சிகள்தான்.

இப்போது 52 − 27. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, அதிலிருந்து 27 குச்சிகளை எடுக்கச் சொல்லுங்கள். ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் காத்திருங்கள். குழந்தை தானாக ஒரு கட்டை அவிழ்க்கும் கணம் மிக அருமையானது, அதைப் பறித்துவிடாதீர்கள். அவிழ்த்ததும் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகும். ஏழு உதிரி போக ஐந்து, இரண்டு கட்டு போக இரண்டு. விடை 25. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். யாரிடமும் எதையும் வாங்கவில்லை, நம்மிடம் இருந்த கட்டைத்தான் பிரித்தோம்.

குச்சியில் கை பழகிய பிறகு தாளுக்கு வாருங்கள்: கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அதுவும் பழகிய பின் இலக்கங்கள். செயல், படம், குறியீடு என்ற இந்த மூன்று நிலைகளை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். குழந்தை தடுமாறினால் ஒரு நிலை பின்னால் போங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை குச்சிக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான்காம் படி: பத்தின் சோடிகள்

1-9, 2-8, 3-7, 4-6, 5-5. இந்த ஐந்து சோடிகளும் யோசிக்காமலே வர வேண்டும். நீங்கள் சில விரல்களை மடக்கிக் காட்டினால், பத்துக்கு எத்தனை குறைகிறது என்று குழந்தை சொல்லட்டும். இவை கைவந்துவிட்டால் 8 + 5 தானே 8 + 2 + 3 ஆகும். நாளைக்கு 38 + 5-க்கும் இதே வழிதான். விரல்விட்டு எண்ணும் குழந்தையைக் கண்டிக்காதீர்கள். சோடிகள் மனத்தில் அமர்ந்ததும் விரல் தானாக ஓய்ந்துவிடும்.

ஐந்தாம் படி: வாய்ப்பாட்டைச் சுருக்குங்கள்

1 முதல் 10 வரை வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள். குழந்தைக்கு மலைப்பாக இருப்பது நியாயம்தான். நான்கு புள்ளிகள் கொண்ட வரிசைகளாக மூன்று வரைந்து, தாளைத் திருப்பிப் பிடியுங்கள். மூன்று புள்ளிகள் கொண்ட நான்கு வரிசைகள் தெரியும். 3 × 4-ம் 4 × 3-ம் ஒன்றுதான் என்று புரிந்தவுடன் 100 என்பது 55 ஆகிவிடுகிறது. எளிதாக வரும் 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகளை விலக்கினால் மிஞ்சுவது 21தான். ஒன்பதைப் பத்திலிருந்து பிடிக்கலாம்: 9 × 7 என்பது எழுபதிலிருந்து ஏழு போக 63. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு: 4 × 7-க்கு ஏழு பதினான்கு ஆகி, பதினான்கு இருபத்தெட்டு ஆகிறது. இவையும் போனால் மனப்பாடமாக வேண்டியவை பத்தே பத்து: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8.

இவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். இன்று கற்றதை நாளை, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். ‘மூவேழு இருபத்தொன்று, ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று ஓசையோடு சொன்னால் நாக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் வரிசையாக மட்டும் ஒப்பிக்கப் பழகிய குழந்தைக்கு ஏழெட்டைத் தனியாகக் கேட்டால் தொடக்கத்திலிருந்து ஓடிவர வேண்டியிருக்கும். அதனால் அட்டைகளைக் கலைத்துக் கேளுங்கள். கடிகாரம் வைத்து விரட்ட வேண்டாம்.

ஆறாம் படி: சமக்குறியைச் சோதியுங்கள்

8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 என்று எழுதும் குழந்தை, சமக்குறியை ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாகப் படிக்கிறது. தராசின் இரு தட்டுகளை வரைந்து, இரண்டு பக்கமும் ஒரே எடை வர என்ன வேண்டும் என்று கேளுங்கள். 7 வரும்.

தவறு வரும்போது

உடனே திருத்தாதீர்கள். “குச்சியில் செய்து பார்ப்போமா?” என்றால் போதும், பெரும்பாலும் குழந்தையே கண்டுபிடித்துவிடும். ‘எனக்கும் கணக்கு வராது’ என்று ஆறுதலுக்காகக்கூட அதன் முன்னால் சொல்ல வேண்டாம். குழந்தை அதை அப்படியே நம்பிவிடும்.

பத்தாவது நிமிடத்தில் இடம் மாறுங்கள். குழந்தை உங்களுக்கு ஒரு கணக்கு கொடுக்கட்டும். நீங்கள் வேண்டுமென்றே ஓர் இடத்தில் தவறுங்கள். எங்கே பிசகியது என்று அது உங்களுக்கு விளக்கட்டும்.

இரண்டு மாதம் இப்படிப் பழகியும் கட்டும் உதிரியும் பிடிபடவில்லை என்றால், முதல் நாளிலிருந்து குறித்துவந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். ‘கணக்கு வரவில்லை’ என்ற ஒற்றை வரியைவிட, குழந்தை எப்படி யோசித்தது என்று எழுதி வைத்த பத்து வரிகள் அவருக்கு அதிகம் உதவும்.