வீட்டு நோட்டு: சிறிய சபையை வளர்க்க ஓர் உபதேசியாரின் வழி

சபை வளரவில்லை என்று யாராவது வந்து வருத்தப்பட்டால், நான் அவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவர்கள் யார் யார்? எத்தனை பேர் வந்தார்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். வராதவர்களின் பெயரை வீடு வாரியாகச் சொல்பவர்கள் மிகச் சிலரே. சபை வளர்ச்சிக்கு நான் அறிந்த வழி அந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் இடைப்பட்ட தேரி என்ற செம்மணல் காட்டு ஓரத்து ஊர்களில் 31 வருடம் உபதேசியாராக இருந்தேன். இப்போது சபை ஊழியர் என்று எழுதுகிறார்கள். ஊரில் இன்னும் உபதேசியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தைச் சேகரம் என்போம், அதில் பல ஊர்ச் சபைகள் உண்டு. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் அந்தக் குருவானவர் மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, ஜெபம், நோயாளிச் சந்திப்பு, மரண வீடு எல்லாம் உபதேசியார் பொறுப்பு. நான் கடைசியாக இருந்த சபையில் 64 குடும்பங்கள். ஆண்களில் பாதிப் பேர் மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது வளைகுடாவில் வேலை பார்த்தார்கள். நான் போனபோது ஞாயிறு ஆராதனைக்கு 40 பேர் வந்தால் அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

200 பக்க நீள நோட்டு போதும். ஒரு குடும்பத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, ஞானஸ்நானம் பெற்ற வருடம், திடப்படுத்தல் ஆயிற்றா, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் தொலைபேசி எண், வீட்டில் யாருக்கு என்ன நோய், அந்த வீட்டில் இறந்தவர்களின் நினைவு நாள். இவ்வளவையும் மேல் பாதியில் எழுதுங்கள். கீழ் பாதியைச் சந்திப்புக் குறிப்புக்கு விட்டுவிடுங்கள். தேதியையும், அடுத்த முறை நீங்கள் கேட்க வேண்டிய ஒரு விஷயத்தையும் மட்டும் அங்கே எழுதினால் போதும்: 'மகளுக்குப் பரீட்சை', 'முழங்கால் ஸ்கேன்', 'கிணறு வெட்டுகிறார்கள்'.

எழுதக்கூடாதவையும் உண்டு. கடன், குடும்பச் சண்டை, உங்களை நம்பி அழுதுகொண்டே சொன்னவை எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. நோட்டு என்றைக்காவது ஒருநாள் வேறு ஒருவர் கைக்குப் போகும்.

திருநெல்வேலித் திருச்சபையின் கதையும் பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறது. 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் எழுதப்பட்டவை 40 பேரின் பெயர்கள். அந்தச் சபை உருவாக உழைத்தவர் குளோரிந்தா என்ற விதவைப் பெண். 1785-இல் அங்கே கோயிலையும் அவரே கட்டினார். எங்கள் பக்கத்து முதலூரை 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று நிறுவிய சுந்தரானந்தம் தாவீது ஓர் உபதேசியார். ஊரில் நிலைக்க முடியாதபடி உபத்திரவப்பட்ட குடும்பங்களுக்கு அவர் செய்தது அது. ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரோடும் முகத்தோடும் அறிந்திருந்த ஒருவரால்தான் அப்படி ஓர் ஊரை உருவாக்க முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீடு சந்திப்பு

வாரத்துக்கு நான்கு வீடு என்று வைத்துக்கொண்டால் 16 வாரத்தில் 64 வீடும் முடிந்துவிடும். வருடத்துக்கு மூன்று சுற்று. கணக்கு இவ்வளவு எளிது. ஆனாலும் பெரும்பாலான சபைகளில் இது நடப்பதில்லை, ஏனென்றால் நாம் வசதியான வீடுகளிலிருந்து தொடங்குகிறோம். கோயிலுக்கு அருகில் இருக்கும் கமிட்டி அங்கத்தினர் வீட்டில் உட்கார்ந்தால் காபி வரும், பேச்சு நீளும், அந்த வாரம் அங்கேயே முடிந்துவிடும். கோயிலுக்கு எந்த வீடு தூரமோ, எந்த வீட்டில் வறுமை அதிகமோ, அந்த வீட்டில் தொடங்குங்கள். யார் வீட்டுக்கு முதலில் போனீர்கள் என்பதை ஊர் கவனிக்கும்.

மாலை ஆறரை மணிக்குமேல் போனால் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருங்கள். கட்டிலைத் தட்டிப் போட்டால் கட்டிலில், திண்ணை என்றால் திண்ணையில். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். சில வீடுகளில் உபதேசியார் தண்ணீர் குடிக்கிறாரா என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள், அது ஏன் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 20 நிமிடம் போதும். அதில் 15 நிமிடம் அவர்கள் பேசட்டும். பிறகு ஒரு சிறிய சங்கீதம், அவர்கள் சொன்ன காரியங்களைப் பெயரோடு சொல்லி ஒரு ஜெபம். எழுந்துவிடுங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு உங்கள் மனைவியோடு, அல்லது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவரோடு போங்கள்.

ரசீதுப் புத்தகத்தை எடுத்துப்போகவே கூடாது. சங்கக் காணிக்கை எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் சரி. நான் பொறுப்பேற்ற புதிதில் ஒரு வீட்டுக்குப் போனபோது, என் சைக்கிள் சத்தம் கேட்டதும் உள்ளே விளக்கு அணைந்தது. எனக்கு முன்பு அந்த வாசலுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாக்கி கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அந்த விளக்கு மறுபடி எரிய ஐந்து சந்திப்பு பிடித்தது.

வராததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று மேடையிலிருந்து சொல்லிவிடுகிறோம். வீடு வீடாகப் போனபோது நான் கண்ட காரணங்கள் வேறு. ஓர் ஆச்சி ஐந்து மாதம் வரவில்லை. கோயிலுக்கு ஏழு படி, அவருக்கு முழங்கால் வலி. அதை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. பக்கவாசலில் சிமெண்டுச் சரிவு போட 3 மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலையும்தான் ஆயின. இன்னொரு குடும்பம், கமிட்டியில் இருந்த ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தது, அவர் முகத்தைப் பார்க்கக் கூசி வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை எட்டரைக்கு டியூஷன். ஆராதனை நேரமும் அதுவே. கமிட்டியில் பேசி ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றினோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் மாதம் 11 பிள்ளைகள் திரும்பி வந்திருந்தார்கள்.

வேறு சபைக்குப் போய்விட்டவர்களைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். போய்ப் பாருங்கள். எதைத் தேடிப் போனார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லாமல் கேளுங்கள். என்னிடம் இருவர் சொன்ன பதில் ஒன்றே: 'அங்கே என் மகனுக்காகக் கைவைத்து ஜெபித்தார்கள், உபதேசியாரே. இங்கே அவனுக்குக் காய்ச்சல் என்பதே யாருக்கும் தெரியாது.' அதற்கு நான் என்ன வாதம் செய்வது? அவர்களில் ஒரு குடும்பம் திரும்பி வந்தது. வராத குடும்பத்தின் பக்கங்களையும் நான் நோட்டிலிருந்து கிழிக்கவில்லை, அந்த வீட்டில் மரணம் நேர்ந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன்.

வேலையைக் கைமாற்றுங்கள்

என்னுடைய பெரிய தவறு இதில்தான் நடந்தது. முதல் இரண்டு வருடம் மணி அடிப்பது, வேதபாடம் வாசிப்பது, பாட்டு எடுத்துக்கொடுப்பது, பிரசங்கம், ஓய்வுநாள் பள்ளி, கணக்கு எல்லாவற்றையும் நானே செய்தேன். ஊர் என்னை மெச்சியது. பிறகு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தேன். அந்த மூன்று ஞாயிறில் ஒரு ஞாயிறு கோயிலையே திறக்கவில்லை. சாவி என் வீட்டில் ஆணியில் தொங்கியது, கேட்டு வர யாருக்கும் தோன்றவில்லை. நான் சபையை நடத்தியதாக நினைத்தேன், சபைக்கு நடக்கப் பழக்கவே இல்லை. காலை முதல் மாலை வரை தனியே வழக்கு விசாரித்த மோசேயைப் பார்த்து, இப்படியே போனால் நீரும் தளர்வீர், ஜனங்களும் தளர்வார்கள் என்று அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதை, படுக்கையில் கிடந்தபோது திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதன்பின் எந்த வேலையையும் நான்கு படியாகக் கைமாற்றினேன். நான் செய்வதை அவர் பார்ப்பார். இருவரும் சேர்ந்து செய்வோம். அவர் செய்வார், நான் கூட இருப்பேன். கடைசியில் அவர் தனியே போவார், நான் விசாரிக்க மட்டும் செய்வேன். மூன்றாவது படியில் பொறுமை வேண்டும். ஆள் தடுமாறுவார், நம் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பனையேறும் ஓர் அண்ணாச்சியின் மகன், பத்தாம் வகுப்பு. கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டான். அவனுக்குத் தானியேல் புத்தகத்தில் ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தேன், யோசியாமல் கொடுத்துவிட்டேன். 'நேபுகாத்நேச்சார்' என்ற பெயர் வந்த இடத்தில் தம்பி நின்றுவிட்டான். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவன் மூன்று வாரம் கோயிலுக்கு வரவில்லை. அதிலிருந்து சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டேன். வாசிக்க வேண்டிய பகுதியைப் புதன்கிழமையே கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை வெறும் கோயிலில், மேடையில் நின்று, மூன்று முறை வாசிக்க வைக்க வேண்டும். முதல்முறை வாசிப்பவருக்குக் கதைப் பகுதியே கொடுக்க வேண்டும், பெயர்ப் பட்டியல் கூடாது. ஆராதனையில் பிழை வந்தால் அங்கே திருத்தக் கூடாது. அந்தத் தம்பியை அவன் வீட்டுக்குப் போய் அழைத்தேன், மன்னிப்புக் கேட்டேன். பின்னாளில் வடக்குத் தெரு வீட்டு ஜெபக்கூட்டத்தை ஏழு வருடம் நடத்தியவன் அவன்.

படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் சபையில் எழுத்தறியாத ஓர் அக்காவுக்கு நாற்பது கீர்த்தனை மனப்பாடம். மரண வீட்டில் இரவெல்லாம் பாட்டு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். துக்க வீட்டுக்கு என் பிரசங்கத்தைவிட அந்தக் குரல் ஆறுதலாக இருந்தது. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரான வி.எஸ். அசரியா, அங்கே ஞானஸ்நானம் பெற்ற எளிய கிராமத்து மக்களைத் தங்கள் தலையிலேயே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லச் செய்தார். ஊழியம் சம்பளக்காரர் வேலை என்று எண்ணும் சபைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பணம், தேர்தல்

காணிக்கையை உபதேசியார் எண்ணக்கூடாது. இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். மாதக் கணக்கை முதல் ஞாயிறன்று கோயில் கதவில் ஒட்டுங்கள். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வாங்கிய அரிசியும் ஆடும் விறகும்கூட அதில் இருக்கட்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் எதை எடுத்தார், பணம் வந்ததா என்பதும் இருக்கட்டும். மிசோரம் சபைகளில் 1910 முதல் சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைச் சபைக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள். அதைக் கேட்டு எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கமும் கைப்பிடி அரிசி தொடங்கியது. சேர்ந்ததில் முதல் பங்கு துணையற்ற மூன்று வீடுகளுக்குப் போகும், அந்த வீடுகள் எவை என்று அறிவிக்கமாட்டோம்.

சபைத் தேர்தல் வருடத்தில் சபை இரண்டாகும். அந்த நாட்களில் எந்த வேட்பாளரோடும் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். நோட்டில் அடுத்த வீடு எதுவோ அந்த வீட்டுக்குப் போங்கள்.

மே மாதம்

மும்பையிலிருந்து பேரப்பிள்ளைகள் வரும் மாதம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எல்லோரும் வருவார்கள், ஆனால் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாமாலைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்த ஒரு சிறுமியைப் பார்த்தபிறகு, தினமும் ஒரு மணி நேரம் எழுத்து கற்பித்தோம். ஊர்ப் பிள்ளைகளே வாத்தியார்கள். பத்து நாளில் தன் பெயரையும் இயேசு என்பதையும் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய பெற்றோரும் விடுமுறையைக் கூட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் ஓய்வு பெற்றபோது ஞாயிறு ஆராதனைக்கு 150 பேர் வந்துகொண்டிருந்தார்கள், மூன்று தெருவில் ஜெபக்கூட்டம் நடந்தது. அதற்குப் பிடித்த காலம் 14 வருடம். இரண்டு வருடத்தில் பலன் கேட்கும் கமிட்டியிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு மாற்றலோ ஓய்வோ வரும்போது, கடைசி இரண்டு மாதம் புதியவரைக் கூட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்றுப் போங்கள். எனக்குப் பின் வந்தவருக்கு 26 வயது. நோட்டை அவர் கையில் கொடுத்தேன், வாசலில் அவரை முன்னே போகவிட்டேன். சிமெண்டுச் சரிவு கேட்ட ஆச்சி வீட்டில், வழக்கம்போல் என் பக்கம் நீண்ட காபித் தம்ளரை அவரிடம் கொடுக்கும்படி நான் கைகாட்டினேன். ஆச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அவரிடம் கொடுத்து, 'உமக்குப் பிள்ளைகள் எத்தனை?' என்று கேட்டார். நான் திண்ணை ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.