பறவை பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாத்தாங்கான் ஆற்றோரம் எட்டு வகை இருவாச்சிப் பறவைகள் உண்டு. அவற்றைத் தேடிப் பத்து நாள் படகில் சுற்றிவிட்டு சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, மனசு இன்னும் ஆற்றிலேயேதான் இருக்கும். தவறுகளெல்லாம் அந்த முதல் இரண்டு நாளில்தான் நடக்கின்றன.

ஞாயிறு இரவு வந்திறங்கி, திங்கள் காலை வேலைக்கு ஓடாதீர்கள். சபாவுக்கும் நமக்கும் மணி ஒன்றுதானே என்று தோன்றும். கடிகாரம் ஒன்றுதான், விடியல் வேறு. அங்கே ஆறு மணி வாக்கில் வெளுத்துவிடும், மாலை ஆறுக்கே இருட்டத் தொடங்கும். இங்கே இரண்டுக்கும் ஏறக்குறைய ஏழு ஆகும். விடியலில் படகேறிப் பழகிய உடம்பு இங்கேயும் நாலரைக்கே விழித்துக்கொள்ளும். பிள்ளை வீட்டுப்பாடத்தோடு வந்து நிற்கும் நேரத்தில் கண் சொக்கும். அந்த எரிச்சல் பிள்ளைமேல்தான் விழும். சனிக்கிழமையே வந்துவிடுவது நல்லது.

பையைப் பிரிக்காமல் மூலையில் வைப்பது அடுத்த தவறு. ஈரத்துணியாவது நாறிக் காட்டிக்கொடுக்கும், பைனாகுலர் சத்தமில்லாமல் கெடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். ஒருமுறை ஈர உறையோடு பைனாகுலரை மூன்று வாரம் அலமாரியில் விட்டுவிட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், லென்ஸின் உள்ஓரத்தில் சிலந்தி இழை மாதிரி வெள்ளை நூல்கள். பூஞ்சை! உள்ளே இருப்பதால் துடைக்க வழியில்லை, விட்டால் லென்ஸின் மேல்பூச்சையும் அரித்துவிடும். அதனால் வந்த அன்றே உறையிலிருந்து எடுத்து, துடைத்து, விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். அப்புறம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சாப்பாட்டு டப்பாவே போதும்.

பூச்சட்டித் தட்டையும் வாளியையும் பார்க்க மறக்காதீர்கள். முட்டையிலிருந்து டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வெளிவர ஒரு வாரம் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஆகாது, விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், டெங்கிதான் என்று நீங்களே முடிவுகட்டாமல், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். குரங்கிலிருந்து கொசு வழியே மனிதருக்குத் தொற்றும் மலேரியா சபாவில் உண்டு.

எனக்கு அதிகம் வலித்த தவறு வேறு. நான் இல்லாத நாட்களில் மகளும் அவள் அப்பாவும் தங்களுக்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். சீருடை இரவே நாற்காலியில் தயாராக இருக்கும், காலையில் அவளே ரொட்டிக்குக் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிக்கொள்வாள். வந்த மறுநாள், "நீ உட்காரும்மா, அம்மா செய்றேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டேன். பாதி தடவிய ரொட்டியை விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை நான் இருவாச்சிப் படங்களைக் காட்டியபோதும் அவள் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் திரும்பியதும் முதலில் வீட்டுக் கதையைக் கேட்கிறேன், என் கதை இரண்டு நாள் காத்திருக்கும். பழைய வழக்கம் எதையாவது மீண்டும் கொண்டுவர வேண்டுமென்றால் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான். காயா ரொட்டி இன்றும் அவள் பொறுப்பு.