டிஜிட்டலில் வரைபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பிரஷ், டேப்லெட், ஆப் என்று மாய்ந்து மாய்ந்து தேடுகிறவர்கள்கூட, வரைந்து முடித்த ஃபைலை என்ன செய்வது என்பதில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். காகிதத்தில் வரைந்தால் அந்தத் தாள்தான் படம். டிஜிட்டலில் நீங்கள் பகிர்வது நகல்தான், அதனால் மூலம் கெடாமல் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும்.

எனக்குப் பார்க்கவே பொறுக்காதது, வேலை நடக்கும்போதே ஜேபெக் (.jpg) ஃபைலாகச் சேமித்து, திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்கிலேயே சேமிப்பது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். புகைப்படத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு போட்ட ஓவியத்தை அப்படி நாலைந்து முறை சேமித்துவிட்டு, 400 சதவீதம் ஜூம் செய்து பாருங்கள், கோட்டின் ஓரமெல்லாம் தூசி படிந்த மாதிரி சாம்பல் புள்ளிகள் நிற்கும். அப்புறம் அதையே வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்பினால் மட்டுமே ஃபைல் அப்படியே போகும். மூலத்தை லேயர்களோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த அடுக்குகள் பிரிந்தே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், பகிர, நுணுக்கங்களைத் தூக்கிப் போடாத பிஎன்ஜி (.png) போதும்.

கேன்வாஸ் அளவும் அப்படித்தான். மொபைலில் அழகாகத் தெரிகிறதே என்று 1080 பிக்சல் அகலத்தில் வரைந்துவிட்டு, யாராவது பிரிண்ட் கேட்டால் முழிக்க வேண்டியதுதான், ஏனென்றால் ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும், உங்கள் படத்தை அந்த அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 130 பிக்சல்தான் தேறும். பெரிதாக வரைந்து சிறிதாக்குவது சுலபம். நிறமும் ஏமாற்றும்: திரையில் ஒளியால் பளிச்சிடும் நியான் பச்சை, அச்சு மையில் மங்கித்தான் வரும், முதலிலேயே சிஎம்ஒய்கே, அதாவது அச்சின் நான்கு மை நிறங்களில் எப்படி வரும் என்ற முன்னோட்டம் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் ஏற்றியாயிற்று, இனி பத்திரம் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சர்வர் மாற்றியபோது பழைய பாடல்கள், படங்கள், வீடியோக்கள் தொலைந்துபோனதாக 2019-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒப்புக்கொண்டது, அதில் 12 ஆண்டு இசை போயிற்று. வேறு பிரதி வைத்துக்கொள்ளாத கலைஞர்களுக்கு அது போனது போனதுதான். கையிலேயே வைத்திருந்தாலும் போதாது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் ஃப்ளாப்பிகளிலேயே கிடந்து 2014-இல்தான் மீட்கப்பட்டன, டிஸ்க்கைப் படித்த பிறகும் அந்த ஃபைல் ஃபார்மட் பரிச்சயமில்லாததால் அதைப் புரிந்துகொள்ளத் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு வேறு இடங்களில் பிரதி, அதோடு ஆப்பின் சொந்த ஃபார்மட்டை மட்டும் நம்பாமல் பிஎன்ஜி அல்லது டிஃப் (.tiff) போன்ற பொது ஃபார்மட்டில் பிரதி ஒன்று.

பகிரும்போது இன்னொன்று. படத்துக்குள் மெட்டாடேட்டாவாக, அதாவது ஃபைலோடு ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தகவலாகப் பெயர் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பல சமூக ஊடகங்கள் ஏற்றும்போதே அதை நீக்கிவிடுகின்றன. கையெழுத்தைப் படத்தின் மேலேயே போடுங்கள், அதுவும் ஓரத்தில் வேண்டாம், யாரும் எளிதாக வெட்டிவிடுவார்கள். அடுத்தவர் படத்துக்கும் இதே மரியாதை கொடுங்கள்: தேடலில் கிடைத்தது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம்) என்று போட்டிருந்தாலும் எந்த உரிமம் என்று பாருங்கள், என்சி என்று இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, என்டி என்று இருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது.