சேலத்து வெயிலில் கோரி வளர்க்கலாம்: மணலிலிருந்து தொடங்குவோம்

கோரிடோரஸ் என்று முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை, கடையில் ‘கோரி’ என்றாலே எடுத்துக் காட்டுவார்கள். தென் அமெரிக்க ஆறுகளின் குட்டிக் கெளுத்தி இது. கடைகளில் வருகிற வகைகளில் பெரும்பாலானவை இரண்டரை, மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். கெளுத்தி என்றதும் மேட்டூர் மீன் கடை ஞாபகம் வந்து பயப்படாதீர்கள். இது யாரையும் கடிக்காது, துரத்தாது. மூக்கை மணலில் விட்டுத் துழாவுவதுதான் இதன் முழுநேர வேலை.

பொதுவான விளக்கங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அவை நம் ஊர் மணலுக்கும் நம் ஊர் ஏப்ரலுக்கும் எழுதப்பட்டவை அல்ல. அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். மீனைக் கடைசியில் வாங்கினால் போதும். இப்போதே வாங்கி வைத்துவிட்டுப் படிக்கிறீர்கள் என்றால், தண்ணீர் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

தொட்டி

24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். கொள்ளளவு சுமார் 56 லிட்டர். இதற்கும் சிறியது வேண்டாம். உயரமான அலங்காரத் தொட்டி இந்த மீனுக்குப் பயன்படாது, இது வாழ்வது தரையில். அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, மேற்கு ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அவ்வளவுதான்.

மணல்

என்னை அதிகம் அலைய விட்டது இந்தக் கட்டம்தான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

கோரி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்வரை மணலில் புதைத்து, வாய் நிறைய அள்ளும். தின்னக் கூடியதைப் பிரித்துக்கொள்ளும். மீதி மணல் இரண்டு பக்கச் செவுள் மூடிக்கு அடியிலிருந்தும் பொடிப்பொடியாக வழியும். ஆக, நீங்கள் தரையில் போடுவது இந்த மீனின் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் நாள் முழுக்கப் போய்வரப் போகிறது. கடைகளில் விற்கிற கலர் கல்லை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். அதை வாயில் எடுக்கவும் முடியாது, இடுக்கில் விழுந்த இரை அங்கேயே அழுகும்.

அடுத்து எல்லாரும் யோசிப்பது எம்-சாண்ட். தெருவுக்குத் தெரு கட்டட வேலை நடக்கிறது, இரண்டு சட்டி கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது கருங்கல்லை உடைத்துச் செய்தது. ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். சிமெண்ட் பிடித்துக்கொள்ள அந்த முனை வேண்டும், கோரியின் மீசைக்கு வேண்டாம். பூச்சு வேலைக்கு வருகிற பி-சாண்டும் உடைத்த கல்தான். இன்னும் பொடி, அவ்வளவே வித்தியாசம்.

நமக்கு வேண்டியது தண்ணீரில் உருண்டு முனை மழுங்கிய மணல். பழைய வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் யாரிடமாவது மூட்டையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் போர் தண்ணீருக்கு வடிகட்டி மாட்டித் தருகிற கடைகளில், டேங்குக்குள் போடும் சிலிக்கா மணல் கேட்டுப் பாருங்கள். அதிலும் உருண்டையும் உண்டு, உடைத்ததும் உண்டு, பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரு சிட்டிகை நனைத்து முழங்கையின் உட்பக்கத்தில் தேயுங்கள். குத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் முனை தெரிந்துவிடும்.

வினிகர் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். மணலில் வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்பார்கள். அது சரிதான். ஆனால் நுரைக்கவில்லை என்பதை வைத்து நம் ஊரில் நிம்மதியாக இருக்க முடியாது. ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் வெள்ளையாகத் தெரிகிற கரடுகளில் இருப்பது மேக்னசைட். குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் அது சட்டென்று நுரைக்காது. சோதனையில் தேறிவிட்டது என்று அந்த அழகான வெள்ளைக் கல்லைத் தொட்டியில் அலங்காரத்துக்குப் போடாதீர்கள்.

மணல் கிடைத்துவிட்டதா? ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற பொடிக்கல்லைத் தள்ளிவிடுங்கள். வாளியில் கால்வாசி மட்டும் போட்டு, ஓஸ் குழாயை மணலுக்கு அடிவரை நுழைத்துத் தண்ணீர் விட்டுக் கையால் கிளறுங்கள். கலங்கல் வழிந்து போகும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் வாளியின் அடி தெரிகிற வரை நிறுத்தக் கூடாது. சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. ஒன்றே கால் அங்குல உயரத்துக்குப் பரப்பினால் போதும், இந்த அளவு தொட்டிக்கு 9, 10 கிலோ பிடிக்கும். அதற்கு மேல் கொட்டினால் அடியில் காற்றில்லாமல் கறுத்து நாறும்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மீசை தேய்ந்தால் எல்லாரும் மணலையே குறை சொல்கிறார்கள். நல்ல மணலில் இருக்கிற மீனுக்கும் மீசை போவதுண்டு. அழுக்கு தேங்கிய தரையில் பெருகும் பாக்டீரியா அதற்குப் போதும். மணலை மாற்றுவதற்கு முன்னால், தரையைக் கடைசியாக எப்போது உறிஞ்சிச் சுத்தம் செய்தோம் என்று யோசியுங்கள்.

ஃபில்டர்

ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற பவர் ஃபில்டரின் மோட்டார் தன் சூட்டைத் தண்ணீரிலேயே விடும். சேலத்தில் அதை வேறு காசு கொடுத்து வாங்குவானேன்? பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி வந்துவிடும்.

ஃபில்டர் ஓட ஆரம்பித்த பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். மீனின் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்தப் பஞ்சில் குடியேற வேண்டும். இந்த நாட்களில் அதற்குத் தீனியாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். தெரிந்தவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பஞ்சு கிடைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்ததெல்லாம் வீண். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

தண்ணீர்

கார்ப்பரேஷன் காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால் வேலை எளிது, ஆன்டி க்ளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்தலாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) மீட்டர் வாங்கிவிடுங்கள். போர் 1000, ஆர்ஓ 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் போருக்கு இரண்டு குடம் ஆர்ஓ கலந்தால் ஏறக்குறைய 370 வரும். பண்ணையில் பிறந்த கோரிக்கு அது பரவாயில்லை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அப்போதே மணலையும் விரலால் லேசாகக் கிளறிவிடுங்கள்.

வெயிலும் மீன் தேர்வும்

ஏற்காட்டில் வீடு இருந்தால் இந்தப் பகுதியே உங்களுக்கு வேண்டாம். புள்ளி போட்ட பெப்பர்டு கோரி, கண்ணில் கறுப்புப் பட்டை போட்ட பாண்டா கோரி இரண்டும் 25 டிகிரிக்குள் சுகமாக இருக்கிறவை. மலைமேல் அவற்றைத் தாராளமாக வளர்க்கலாம். கீழே, ஏப்ரல் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, அவற்றை வாங்குவது மீனுக்குச் செய்கிற கொடுமை. சேலத்துக்கு என் முதல் தேர்வு ஸ்டெர்பாய், 28 டிகிரியை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதல். பட்ஜெட் இடித்தால் பிரான்ஸ் (bronze, அதாவது வெண்கல நிற) கோரி. வெள்ளையாக இருக்கிற அல்பினோவும் பெரும்பாலும் பிரான்ஸ்தான்.

(2024இல் கோரிடோரஸ் என்கிற பேரினத்தையே பிரித்து விட்டார்கள். பிரான்ஸ் இப்போது ஓஸ்டியோகாஸ்டர், ஸ்டெர்பாய் ஹோப்லிசோமா. கடையில் போய் அப்படிக் கேட்டால் வேறு ஏதோ மருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.)

எந்த வகையானாலும் ஒரே வகையில் குறைந்தது ஆறு மீன் வேண்டும். ஒன்றிரண்டு வாங்கினால் மூலையில் ஒண்டிக்கொண்டே காலம் தள்ளும்.

குளிர்விக்க ஐஸ் பாட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, சூடு ஏறி இறங்கி மீனை வாட்டும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை ஃப்ரேம் போட்டு, ஒரு சின்ன ஃபேன் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசட்டும். தண்ணீர் ஆவியாகிப் போகிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், இரண்டு மூன்று டிகிரி குறையும். நம் ஊர்க் காற்று வறண்டது என்பது இதற்கு மட்டும் நல்லது. குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு தங்கித் தங்கி டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

கொண்டுவருவதும் தீனியும்

சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வந்து இறங்கிய அன்றே வாங்காதீர்கள். நாலு நாள் கடைத் தொட்டியில் இருக்கட்டும். மீசை முழுசாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வீட்டில் கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராகச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் விடுங்கள்.

“குப்பையெல்லாம் இதே தின்னுடுங்க, தனியா ஒண்ணும் போட வேண்டாம்” என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். மிச்சத்தைத் தின்னும், கழிவைத் தின்னாது. மிச்சத்தை நம்பி விட்டால் இளைத்துப் போகும். மூழ்குகிற பெல்லட்டை விளக்கணைத்த பிறகு போடுங்கள், அப்போதுதான் கூட இருக்கிற கப்பி மீன் முந்திக்கொள்ளாது. வாரத்தில் ஓரிரு நாள் உறைந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழு).

கூட வைக்க கப்பி, டெட்ரா சரி. கோல்ட் ஃபிஷ் வேண்டாம், வளர்ந்தால் கோரியை வாயில் போட்டுப் பார்க்கும்.

பின்னர் சேர்த்தது

மேலே பாய்ந்து பாய்ந்து வருகிறதே, மூச்சு முட்டுகிறதா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கோரி காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் சுவாசிக்கும், எப்போதாவது பாய்வது இயல்பு. எல்லா மீனும் ஓயாமல் பாய்ந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, பம்ப்பைப் பாருங்கள்.

வலையில் சிக்கிக்கொண்டது என்று ஒருவர். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முள் உண்டு, பயந்தால் விறைத்துக்கொள்ளும். இழுக்காதீர்கள், வலையைக் கத்தரியுங்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள். கையில் குத்தினால் சுருக்கென்று நன்றாகவே வலிக்கும்.

வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கல் உப்பை அள்ளிப் போடலாமா? கோரி இருக்கிற தொட்டியில் கூடாது, உப்பை மற்ற மீன்கள் அளவுக்கு இது தாங்காது. செம்பு கலந்த மருந்தும் வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் எடுக்கிற நாளுக்கு, யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று வாங்கிப் பவர் பேங்க்கில் மாட்டுங்கள். அன்றைக்குத் தீனி போட வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டவே வேண்டாம். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.