கார்டு கட்டணத்தை பில்லில் ஏற்றாதீர்கள்

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு அம்மா மகள் சீருக்குப் பத்தாயிரத்துக்குக் குத்துவிளக்கு எடுத்தார். கிரெடிட் கார்டை நீட்டியதும் "ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ராம்மா" என்றேன். விளக்கை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கேட்பதில்லை.

நீங்களும் முதலில் கணக்குப் போடுங்கள். கிரெடிட் கார்டில் பணம் வந்தால் வங்கி என்னிடம் பிடிக்கும் கட்டணம் 2%. பத்தாயிரத்துக்கு 200 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 36. கைக்கு வருவது 9,764. மாத விற்பனை ஆறு லட்சம். அதில் கிரெடிட் கார்டு ஒன்றரை லட்சம். ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கட்டணம் 3,540. மொத்த விற்பனையில் நூற்றுக்கு 59 காசுதான்! அதைக் கடை வாடகை, கரண்ட் பில்லோடு சேர்த்து விலை போடும்போதே அடக்கிவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கட்டணத்தின் மேல் போட்ட அந்த 18% வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

டெபிட் கார்டுக்குக் கூடுதல் கேட்கவே கூடாது, ரிசர்வ் வங்கி விதி. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. அதனால் கியூஆர் அட்டையைக் கல்லாவுக்கு முன்னால், கண்ணில் படும்படி வையுங்கள். கார்டு மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.